மழைக்குப் பிறகு சாகும் மரங்கள்

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டைக் கைவிட்டது. வழக்கமாகப் பெய்வதில் 62 சதவீதம் குறைவு. அடுத்த கோடையில் தென்னந்தோப்புகளில் மட்டை தொங்கிக் குருத்து காய்ந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதன் மீதிக் கதையும் தெரியும். மழை திரும்பினாலும் காய்ப்பு உடனே திரும்பாது. மட்டையின் கக்கத்துக்குள் பாளை கருக்கொள்வதிலிருந்து காய் முற்றிப் பறிக்கும் வரை சுமார் 44 மாதம் ஆகிறது. அதனால் ஒரு வருட வறட்சியின் இழப்பு அடுத்த மூன்று நான்கு வருடம் வரை காயில் தெரிந்துகொண்டே இருக்கும்.

காட்டு மரங்களிடம் இதைவிட விசித்திரமான ஒன்றைக் காண்கிறோம். வறட்சி முழுவதையும் தாக்குப்பிடித்து நின்ற மரம், மழை வந்து சுற்றிலும் புல் பச்சை பிடித்த பிறகு, ஓரிரு வருடம் கழித்துப் பட்டுப்போகிறது. தாகத்தால் சாகிறது என்றால் தண்ணீர் இல்லாதபோதல்லவா சாக வேண்டும்? வேர் நனைந்த பிறகு ஏன்?

இதைப் புரிந்துகொள்ளக் கிணற்று மோட்டாரிலிருந்து தொடங்கலாம். கிணற்று மேட்டில் மோட்டார் வைத்து இறைப்பவர்களுக்கு ஒரு விதி அத்துப்படி. நீர்மட்டம் இருபது இருபத்தைந்து அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டாரையும் உள்ளே இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. எத்தனை குதிரைத்திறன் என்பது இங்கே செல்லாது. உறிஞ்சும் மோட்டார் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைத்துத் தருகிறது, அவ்வளவுதான். தண்ணீரை உள்ளே ஏற்றுவது, வெளியே கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று மண்டலம். அதன் வலுவுக்கு 34 அடி உயரத் தண்ணீரைத் தாங்க முடியும். அதற்கு மேல் ஓர் அடியும் முடியாது.

கலிபோர்னியாவில் ஒரு ரெட்வுட் மரம் சுமார் 380 அடி உயரம் நிற்கிறது. அதன் உச்சாணி இலைக்கும் தண்ணீர் போய்ச் சேர்கிறது. நம் ஊர்ப் பனைமரமே 34 அடியைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் மரத்துக்குள் வேறு ஏதோ நடக்கிறது.

அது என்னவென்று 1894-இல் டப்ளினில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இருவர் சொன்னார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை. முடியைவிடவும் மெல்லிய குழாய்க்குள், காற்றே இல்லாமல் தண்ணீர் நிரம்பியிருந்தால், அதை ஒரு முனையில் பிடித்து இழுக்கலாம். அறுந்துபோகாமல் மறுமுனையும் சேர்ந்து வரும். இலையில் ஒரு துளி ஆவியாகும்போது, அந்த இடத்தை நிரப்ப அடுத்த துளி நகர்கிறது, அதன் பின்னால் அதற்கடுத்தது. இந்த இழுப்பு கிளை, தண்டு வழியாக இறங்கி வேரின் நுனி வரை போய் மண்ணிலிருந்து நீரை இழுக்கிறது. இதற்காக மரம் தன் கையிலிருந்து ஒரு சொட்டு சக்தியும் செலவழிப்பதில்லை. இழுப்பது வெயிலும் வறண்ட காற்றும். மரக்கட்டைக்குள் இப்படி நீரைக் கொண்டுபோகும் நுண்குழாய்த் தொகுதிக்கு சைலம் என்று பெயர்.

தண்ணீரை இழுத்துப் பிடிக்க முடியும் என்பதைப் பலர் நம்பவில்லை. மரத்துக்குள் இருக்கும் இழுவிசையை அளந்து காட்டினால்தான் வாயடைக்க முடியும். ஆனால் எப்படி அளப்பது? குழாயில் ஊசி குத்தினால் காற்று புகுந்து எல்லாம் கெட்டுவிடும். 1965-இல் பெர் ஸ்காலண்டர் என்ற அறிவியலாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரு எளிய தந்திரம் செய்தார்கள். கிளையை நறுக்கியதும், இழுபட்டுக்கொண்டிருந்த தண்ணீர் வெட்டுவாயிலிருந்து உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். கிளையை ஓர் இரும்புக் கலனுக்குள் வைத்து, வெட்டுவாயை மட்டும் வெளியே நீட்டி, கலனுக்குள் வாயுவின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் வெட்டுவாயில் ஈரம் துளிர்க்கும். தண்ணீரைத் திரும்ப வெளியே தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டியிருந்ததோ, அவ்வளவு இழுவிசை மரத்துக்குள் இருந்திருக்கிறது. உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளை வேண்டுமே? துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள். தாவரவியல் என்றால் பூவை அழுத்தி உலர்த்தி ஏட்டில் ஒட்டுவது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

கிடைத்த எண்கள் சாதாரணமானவை அல்ல. கடலோர உவர்நீரில் வளரும் செடிகள் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 35 முதல் 60 மடங்கு இழுவிசையில் வாழ்ந்துகொண்டிருந்தன. பாலைச் செடிகள் சில அதற்கும் மேல். இன்றுவரை மரத்தின் தாகத்தை அளக்கும் ஆய்வாளர்கள் இதே கலனைத்தான் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். அதுவும் விடிவதற்கு முன். இரவில் இலையின் நுண்துளைகள் மூடியிருக்கும்போது மரத்துக்குள் இருக்கும் இழுவிசை மண்ணோடு சமமாகிவிடும். அந்த நேரத்து அளவு, வேருக்கு எட்டும் மண்ணில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்பதை மரத்தின் வாயாலேயே சொல்லிவிடும்.

இழுத்துப் பிடித்த தண்ணீருக்கு ஓர் ஆபத்து உண்டு. கிணற்றில் நீர்மட்டம் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வுக்குக் கீழே போனால் என்ன ஆகும்? மோட்டார் 'ஏர் இழுக்கும்'. குழாய்க்குள் காற்று புகுந்தால் தண்ணீர்த் தொடர் அறுந்துபோகும். மோட்டார் சும்மா சுற்றும். மரத்திலும் அதேதான். மண் காயக் காய இழுவிசை ஏறுகிறது. ஓர் எல்லைக்கு மேல், பக்கத்தில் ஏற்கெனவே காற்று நிறைந்த குழாயிலிருந்து நுண்ணிய துளை வழியாக ஒரு குமிழ் உறிஞ்சப்பட்டு உள்ளே வருகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் அது விரிந்து குழாய் முழுவதையும் அடைத்துவிடுகிறது. இதைக் குமிழடைப்பு என்போம்.

இது கற்பனை இல்லை என்பதைக் காதாலேயே கேட்டிருக்கிறார்கள். 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வாடும் ஆமணக்கு இலைக் காம்போடு நுண்ணதிர்வை உணரும் கருவியைப் பொருத்தி, அந்த அதிர்வைப் பெருக்கிக் கேட்டார்கள். இலை வாட வாட 'டிக், டிக்' என்று ஒலி. ஒவ்வொரு ஒலியும் ஒரு குழாயில் தண்ணீர் அறுபடும் சத்தம். நம் வேலியோரத்தில் கேட்பாரற்று நிற்கும் ஆமணக்குதான் அந்த ரகசியத்தை முதலில் வெளியே விட்டது.

ஒரு மரத்துக்குள் எண்ணற்ற குழாய்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து அடைபட்டால் ஒன்றும் ஆகாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சில குழாய்கள் அடைபட்டால், அதே அளவு நீரை மிச்சக் குழாய்கள் கொண்டுபோக வேண்டும், அவற்றில் இழுவிசை கூடும், அவையும் அடைபடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு இது தானாகவே ஓடும் சரிவு. எந்த மரத்துக்கு எந்த எல்லையில் சரிவு தொடங்கும் என்பதை ஆய்வகத்தில் அளக்கலாம். பிரெண்டன் சோட் என்பவரும் பலநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 226 வகை மரங்களின் அளவுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 70 சதவீதம், தங்கள் ஆபத்து எல்லைக்கு மிக அருகிலேயே அன்றாட வாழ்க்கையை நடத்துகின்றன. மழைக்காட்டு மரங்களும் அப்படித்தான், வறண்ட காட்டு மரங்களும் அப்படித்தான். நிறைய மழை பெய்யும் காடு வறட்சிக்குப் பயப்பட வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு இது அடி. மழைக்காட்டு மரம் தனக்குக் கிடைக்கும் தண்ணீரை நம்பியே உடம்பைக் கட்டியிருக்கிறது. பயன்படுத்தாத பாதுகாப்புக்கு அது செலவு செய்வதில்லை.

இப்படி உயிருக்கு ஆபத்து என்றால், மரம் ஏன் இவ்வளவு தண்ணீரை வெளியே விட வேண்டும்? வேர் எடுப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இலை வழியாக ஆவியாகிறது. காரணம், சாப்பாடு. இலையின் அடியில் உள்ள நுண்ணிய இலைத்துளைகளைத் திறந்தால்தான் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே வரும், சர்க்கரை செய்ய முடியும். திறந்த வாயில் வழியாக ஈரம் வெளியேறத்தான் செய்யும். ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே வர, சில நூறு மூலக்கூறு தண்ணீர் போகிறது. மூடிவிட்டால் தண்ணீர் மிஞ்சும், சமையல் நின்றுபோகும். வறட்சியில் ஒவ்வொரு மரமும் தாகத்துக்கும் பசிக்கும் நடுவே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எல்லா மரமும் ஒரே முடிவை எடுப்பதில்லை.

இந்த வித்தியாசத்தை உலகம் தெளிவாகப் பார்த்த இடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ. அங்கே பின்யோன் பைன், ஜூனிபர் என்ற இரண்டு குட்டையான ஊசியிலை மரங்கள் கலந்து வளர்கின்றன. மண் காயத் தொடங்கியதும் பின்யோன் சீக்கிரமே இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் ஜாதி. ஜூனிபர் பிடிவாதக்காரன், இழுவிசை மிக உயர்ந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவைத்துச் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். அதன் குழாய்கள் அதைத் தாங்கும்படி அமைந்தவை. 2002, 2003-இல் கடும் வறட்சி வந்தது. டேவிட் பிரெஷியர்ஸ் குழுவினர் நெடுநாளாக அளந்துவந்த ஓர் இடத்தில் பின்யோன் மரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போயின. ஜூனிபர்கள் பெரும்பாலும் பிழைத்தன. எச்சரிக்கையாக இருந்த மரம்தான் செத்தது.

பின்யோன் பட்டினியால் செத்ததா? அப்படித்தான் முதலில் தோன்றியது. நேட் மெக்டவல் 2008-இல் இதைப் பொதுவான கருதுகோளாகவே முன்வைத்தார்: மூடிக்கொள்ளும் மரம் பசியால் சாகும், திறந்துவைக்கும் மரம் குமிழடைப்பால் சாகும். கேட்பதற்கு அழகான விளக்கம். ஆனால் உண்மை அவ்வளவு ஒழுங்காக இல்லை. உலகெங்கும் செய்த சோதனைகளை 2017-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சாகும் மரங்கள் ஏறக்குறைய அனைத்திலும் குழாய்கள் பெருமளவு அடைபட்டிருந்தன. சர்க்கரைக் கையிருப்பு தீர்ந்திருந்தது சிலவற்றில்தான், அதுவும் ஊசியிலை மரங்களில் அதிகம்.

அமேசான் காட்டில் இதை நேரிலேயே செய்து பார்த்தார்கள். பிரேசிலின் காஷிவானாவில் ஒரு ஹெக்டேர் மழைக்காட்டுக்குள், தரைக்குச் சற்று மேலே பிளாஸ்டிக் தகடுகளால் பந்தல் போட்டு, விழும் மழையில் பாதியை வாய்க்கால் வெட்டி வெளியே விட்டார்கள். 2002-இல் ஆரம்பித்த வேலை. ஒரு காட்டைத் திட்டமிட்டுத் தாகத்தில் வைப்பது கொடூரமாகத் தெரியலாம். ஆனால் இதைத் தவிர காரணத்தையும் விளைவையும் பிரித்தறிய வழியில்லை. முதல் சில வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெரிய மரங்கள் சாகத் தொடங்கின. 2015-இல் லூசி ரோலண்ட் குழுவினர் பார்த்தபோது, பந்தலுக்கு அடியில் இருந்த மரங்களின் சர்க்கரைக் கையிருப்பு, பக்கத்துக் காட்டு மரங்களுக்குக் குறைந்ததாக இல்லை. பசி அல்ல, குழாய்தான் முதலில் போயிருக்கிறது.

ஏன் பெரிய மரங்கள்? உயரம் கூடக் கூடத் தண்ணீர் இழுக்க வேண்டிய தூரம் கூடுகிறது. உச்சி, காட்டின் நிழல் கூரைக்கு மேலே சுட்டெரிக்கும் வெயிலிலும் வறண்ட காற்றிலும் நிற்கிறது. காட்டின் கார்பனில் பெரும்பங்கு அந்த ஒரு சில பெரிய மரங்களிடம்தான். அதனால் காட்டின் எண்ணிக்கைக் கணக்கில் சிறிதாகத் தெரியும் சாவு, கார்பன் கணக்கில் பெரிதாக நிற்கும்.

இதுவரை சொன்னது பழைய வறட்சிகளுக்கும் பொருந்தும். காலநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது? பெரும்பாலும் 'மழை குறைகிறது' என்ற விதத்திலேயே இது பேசப்படுகிறது. சில இடங்களில் குறையும், சில இடங்களில் கூடவும் செய்யும். எல்லா இடத்துக்கும் பொதுவானது வெப்பம். காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது பிடித்துவைக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அந்த அளவுக்கு ஈரம் காற்றில் வந்து சேராவிட்டால், காற்றின் தாகம் கூடுகிறது என்று பொருள். அந்தத் தாகம்தான் இலையிலிருந்து நீரை இழுப்பது. ஆக அதே மழை, அதே மண், ஆனால் இலையின் முனையில் இழுப்பு அதிகம். நியூ மெக்சிகோவில் 1950-களில் வந்த வறட்சி, மழைக்கணக்கில் 2002-ஐவிட மோசமானது. ஆனால் பின்னது வெப்பமான வறட்சி. பைன்களை மொத்தமாக வீழ்த்தியது அதுதான்.

வெப்பத்தின் பங்கை இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்ட ஹென்றி ஆடம்ஸ் என்பவர் 2009-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பின்யோன் மரங்களை வேரோடு பெயர்த்து, அரிசோனாவில் இருக்கும் 'பயோஸ்பியர் 2' என்ற பெரிய கண்ணாடி மாளிகைக்குள் வைத்தார். ஒரு பகுதி மரங்கள் இயல்பான வெப்பநிலையில். இன்னொரு பகுதி சுமார் 4 டிகிரி கூடுதல் வெப்பத்தில். இரு பக்கமும் தண்ணீரை நிறுத்தினார்கள். வெப்பப் பக்கத்து மரங்கள் சுமார் 28 சதவீதம் சீக்கிரம் செத்தன. இதில் இருக்கும் சூட்சுமம் என்னவென்றால், குறுகிய வறட்சி அடிக்கடி வரும், நீண்ட வறட்சி எப்போதாவதுதான் வரும். நீண்ட வறட்சியால் மட்டுமே சாகக்கூடிய மரம், இப்போது குறுகிய வறட்சியிலும் சாகும் என்றால், சாவு பல மடங்கு அடிக்கடி நிகழும். மழை ஒரு சொட்டுகூடக் குறைய வேண்டியதில்லை.

இனி ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வரலாம். மழைக்குப் பிறகு ஏன்?

மோட்டாரில் ஏர் பிடித்தால் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓடவிடலாம். பெரும்பாலான மரங்களால் அடைபட்ட குழாயை அப்படி நிரப்பிச் சரிசெய்ய முடிவதில்லை. புதிய குழாய் கட்ட வேண்டும், அதாவது புதிய மரக்கட்டை வளர்க்க வேண்டும். அதற்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரை செய்ய இலை வேண்டும், இலைக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் குழாய் வேண்டும். பாதிக் குழாயோடு மிஞ்சிய மரம் இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஆண்டு வளையங்களில் இதைப் படிக்கலாம். வில்லியம் ஆண்டரெக் குழுவினர் 1,338 காடுகளின் வளையத் தொகுப்புகளைப் பார்த்து 2015-இல் சொன்னது: கடும் வறட்சி முடிந்து மழை இயல்பான பிறகும் ஒன்று முதல் நான்கு வருடம் வரை மரங்கள் வளர வேண்டிய அளவு வளர்வதில்லை. தென்னிந்தியாவிலும் இந்த வகை ஏடு இருக்கிறது. வெப்பமண்டல மரங்களில் தெளிவான ஆண்டு வளையம் போடுபவை குறைவு, தேக்கு போடும். புணேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தினர் தென்னிந்தியத் தேக்குகளிலிருந்து 523 ஆண்டு நீளமான வளையத் தொகுப்பை உருவாக்கி, எல் நினோ வருடங்களின் பருவமழைத் தவறலை அதில் குறுகிய வளையங்களாகக் கண்டார்கள். (தென்னையால் புதுக் குழாய் கட்டும் வேலையே முடியாது. அது புதுக் கட்டை போடாத ஜாதி. கன்றாக இருந்து உயர்ந்தபோது போட்ட குழாய்களோடுதான் ஆயுள் முழுக்க.)

மெலிந்த மரத்துக்கு எதிரிகளும் வருவார்கள். நலமான பைன் மரம், பட்டையைத் துளைக்கும் வண்டைப் பிசின் சுரந்து மூழ்கடித்துவிடும். பிசின் செய்யச் சர்க்கரையும் அதை வெளியே தள்ள ஈரமும் வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 2012-இல் தொடங்கிய வறட்சியில் வண்டுகள் எதிர்ப்பே இல்லாமல் புகுந்தன. செத்த மரங்களை விமானத்திலிருந்து எண்ணிய அமெரிக்க வனத்துறை, 2017 முடிவில் கலிபோர்னியா முழுக்க 12.9 கோடி என்று அறிவித்தது. 2017-இன் தொடக்கத்திலேயே அங்கே நல்ல மழை பெய்துவிட்டது. செத்து நின்ற அந்த மரங்களுக்கு நடுவேதான் 2020-இல் 'கிரீக்' காட்டுத்தீ புகுந்து ஓடியது.

முதுமலையில் இதையெல்லாம் நிதானமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், ரா. சுகுமார் முன்னெடுப்பில், 1988-இல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து எடுத்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேலான ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்தது. தேக்கு, வெண்தேக்கு, வெக்காலி, கருமருது என்று இலையுதிர் காட்டு மரங்கள். எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் கணக்கு. இந்தக் கணக்கில் பெரிய மரங்களின் சாவு, மழை தவறிய வருடத்தோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு மூன்று வருடம் தள்ளி வருகிறது. 2018-இல் ருதுஜா சித்ரா-தாரக் குழுவினர் நீரியல் கணக்கைச் சேர்த்து இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எதிர்பாராத விளக்கம் அது. ஆழ வேர் விட்ட மரம் வறட்சிக்குப் பத்திரம் என்பது நாம் எல்லோரும் நம்புவது. சாதாரண வறட்சிக்கு அது சரி. பாறை சிதைந்த ஆழமான அடுக்குகளில் தங்கும் நீர், ஒரு வருட மழையில் நிரம்புவதில்லை. நல்ல மழை வருடங்கள் பல தொடர்ந்து வர வேண்டும். வறட்சி வருடக்கணக்கில் நீளும்போது அந்தச் சேமிப்பும் இறங்குகிறது. அப்போது மேல்மண் நீரை நம்பி வாழப் பழகிய மரம் அடுத்த மழையிலேயே தேறிக்கொள்கிறது. ஆழத்தை நம்பிய மரத்துக்கு, மேலே மழை பெய்து தரை சேறாகக் கிடந்தாலும் கீழே இன்னும் வறட்சிதான்.

இதனால் மழைமானியை மட்டும் வைத்துக் காட்டின் நிலையைச் சொல்வது சரிப்படாது என்பது என் எண்ணம். எத்தனை அடி ஆழத்தில் ஈரம், காற்றின் தாகம் எவ்வளவு, போன வறட்சியில் எத்தனை குழாய் போயிற்று என்பவற்றையும் சேர்த்தால்தான் கணக்கு ஓரளவு நேராகும்.

செத்த மரத்தின் இடத்துக்கு யார் வருவது என்பதும் வறட்சியின் பகுதிதான். முதுமலை போன்ற காட்டில் மேற்கூரை திறந்து வெயில் தரைக்கு வந்தால் புல்லும் உண்ணிச்செடியும் எழும். கோடையில் தீ அவற்றில் பற்றி ஓடும். கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டும் முன் கருகும். நியூ மெக்சிகோவில் பின்யோன் போன இடங்களில் ஜூனிபர் மட்டும் நிற்கிறது. பின்யோனின் கொட்டையைக் கூட்டமாக வந்து கொத்திப்போய் மண்ணில் புதைத்துவைக்கும் பின்யோன் ஜே என்ற நீலப் பறவையின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. அது மறந்துவிட்ட கொட்டைகள்தான் புதுக் கன்றுகளாகும். அப்படி ஒரு கன்று முளைத்தாலும், அது காய்க்கத் தொடங்கக் கால் நூற்றாண்டு வேண்டும், நிறையக் காய்க்க இன்னும் பல பத்தாண்டு. முளைத்த முதல் சில வருடம் அதற்கு மூத்த மரம் ஒன்றின் நிழலும் வேண்டும். அந்த மூத்த மரங்களில் பெரும்பகுதி 2003-இல் போய்விட்டது.